சோழகக் காலத்தில் கொழும்பில் ஒரு கயாக் கழகம் என்ன செய்யலாம்?

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பதினைந்து பேர் அளவில் உள்ள சிறிய கடல் கயாக் கழகம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கல்கிசைப் பக்கம் கடலில் இறங்குகிறார்கள். மே பிறந்ததும் கடல் கொந்தளிக்கிறது, ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள், வருடக் கடைசியில் திரும்பக் கூடும்போது பாதிப் பேர் இல்லை. ஐரோப்பியக் கழகங்கள் குளிர்காலத்துக்கென்று தனி நிகழ்ச்சி நிரல் வைத்திருக்கின்றனவே, நாங்களும் அப்படி ஏதாவது செய்யலாமா, அல்லது அந்த மாதங்களுக்குச் சந்தாவை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பதா என்பது அவருடைய கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஆட்களைக் கழகத்தோடு வைத்திருப்பது எப்படி என்பது ஒன்று. கடலில் இறங்க முடியாத மாதங்களிலும் கடலுக்குத் தகுந்த ஆளாக வளர முடியுமா என்பது மற்றது. இரண்டாவதற்கு வழி கிடைத்தால் முதலாவது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன். நான் கொழும்பில் பல வருடங்களாகக் கயாக் பழக்குகிறேன், உயிர்காப்புப் பயிற்சியும் பெற்றவன். ஆனால் பழக்கியது எல்லாம் பெரியவர்களைத்தான். உங்கள் கழகத்தில் சிறுவர்கள் இருந்தால் நான் சொல்வதை அப்படியே அவர்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் நிச்சயமானதைச் சொல்லிவிடுகிறேன். தென்மேல் பருவக்காற்று, அதாவது சோழகம், மே முதல் செப்டெம்பர் வரை நம்முடைய கரைக்கு நேரே வீசுகிறது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பில் ‘புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி ஊடாக ஹம்பாந்தோட்டை வரையான கடற்பரப்பு’ என்ற வரி அந்த நாட்களில் திரும்பத் திரும்ப வரும். காற்றின் வேகம் மணிக்கு 50, 60 கிலோமீற்றர் என்று போடுவார்கள். நன்றாகப் பழகிய ஒருவர் கயாக்கில் மணிக்கு ஐந்து, ஐந்தரைக் கிலோமீற்றர் போவார். மணிக்கு 30 கிலோமீற்றரைத் தாண்டிய எதிர்க்காற்றில் அதே ஆளின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். காற்றோடு சேர்த்து, தெற்கே வெகு தொலைவிலிருந்து கிளம்பி வரும் நீண்ட அலைகளும் இருக்கின்றன. இங்கே காற்றே இல்லாத நாளிலும் அவை வந்து கரையில் விழும்.

இந்த இடத்தில்தான் எனக்கும் பல கழகத் தலைவர்களுக்கும் கருத்து ஒத்துப்போவதில்லை. ஜூலையில் ஒரு விடியற்காலை கடல் சாதுவாகத் தெரியும். ‘இன்றைக்கு ஒரு சின்னச் சுற்றுப் போய்விட்டு ஒன்பது மணிக்குள் வந்துவிடலாம்’ என்று யாராவது சொல்வார்கள். சோழகக் காலத்தில் விடியலில் காற்றுத் தணிந்திருப்பதும் வெயில் ஏற ஏற எழும்புவதும் வழமை. ஆகவே போகும்போது ஒரு கடல், திரும்பும்போது வேறு கடல். அது மட்டும் என்றால்கூடச் சமாளிக்கலாம். கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளை தாண்டியும் ரெயில் பாதை கடலோடு ஒட்டியே ஓடுகிறது, அதைக் காக்கக் கருங்கல் போட்டிருக்கிறார்கள். காற்றும் அலையும் உங்களைத் தள்ளிக்கொண்டு போவது அந்தக் கல்லை நோக்கித்தான். தண்ணீர் நிரம்பிய கயாக் இருநூறு கிலோவைத் தாண்டும். அலைக்கும் கல்லுக்கும் நடுவில் அதோடு ஒரு மனிதன் அகப்பட்டால் கரையில் நிற்பவர்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு. நல்ல அனுபவமுள்ள மூன்று, நான்கு பேர் தங்கள் பொறுப்பில் அப்படியான காலைகளில் இறங்குவதை நான் குறை சொல்லவில்லை. கழகத்தின் பெயரில், புதியவர்களோடு அதைச் செய்யக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமைதியான நாளைத் தேடிக் காத்திருக்கும் கழகம் மற்ற நாட்களில் எதையும் பழகுவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

சரி, அப்படியென்றால் என்ன பழகுவது? ஐரோப்பாவில் குளிர்காலத்தில் ஏன் நீச்சல் தடாகத்துக்குப் போகிறார்கள் என்று பாருங்கள். அங்கே கடல்நீர் பத்துப் பாகைக்குக் கீழே போய்விடும். விழுந்த கணத்திலேயே மூச்சுத் திணறும், சில நிமிடங்களில் கை விரல் வேலை செய்யாது. அதனால் கவிழ்வதையும் மீட்பதையும் கூரைக்குக் கீழே, சூடான தண்ணீரில் பழகுகிறார்கள். நம்முடைய தண்ணீர் வருடம் முழுவதும் 27 முதல் 30 பாகை வரை இருக்கிறது. அவர்கள் காசு கொடுத்து வாடகைக்கு எடுக்கும் சூடு நமக்கு ஏரியிலேயே கிடைக்கிறது. ஆகவே அவர்களுடைய நிரலில் எடுத்துக்கொள்ள வேண்டியது தடாகம் இல்லை, அந்தத் தடாகத்தில் அவர்கள் செய்யும் வேலை. கவிழ்ந்தவரைத் திரும்பப் படகில் ஏற்றுவது. என்னுடைய பதிலில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதத்தின் முடிவில் உங்கள் பதினைந்து பேரில் எந்த இருவரைத் தனியே விட்டாலும், அதில் ஒருவர் மற்றவரை மூன்று நிமிடத்துக்குள் தண்ணீரிலிருந்து படகுக்கு ஏற்றக்கூடியவராக இருக்க வேண்டும்.

இதற்குக் கொழும்புக்குப் பக்கத்தில் பொல்கொட ஏரியை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மொறட்டுவையிலிருந்தோ பிலியந்தலைப் பக்கத்திலிருந்தோ இறங்கலாம். அகலமான தண்ணீர், பின்னேரத்தில் காற்று எழும்பிச் சிற்றலையும் உண்டாகும். பேர வாவியில் 1864ஆம் ஆண்டிலிருந்து துடுப்புப் படகுக் கழகம் இயங்கி வருகிறது. துடுப்புப் போட்டுப் போக அந்த வாவி நல்லதுதான், ஆனால் மீட்புப் பயிற்சி என்றால் மணிக்கணக்காகத் தலை வரை தண்ணீருக்குள் இருக்க வேண்டும், அந்த அழுக்குத் தண்ணீரில் நான் யாரையும் அப்படி இறக்கமாட்டேன். தியவன்னா வாவியில் பாராளுமன்றச் சுற்றாடல் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

உட்காரும் குழி உள்ள கயாக் என்றால் பயிற்சி இப்படிப் போகட்டும். முதல் இரண்டு வாரம் வெறுமனே கவிழ்வது. தலைகீழாகத் தொங்கியபடி படகின் அடியில் மூன்று தடவை தட்டி, அவசரப்படாமல் குழியை மூடியிருக்கும் துணியின் பட்டியை இழுத்து வெளியே வருவது. இதில் பயம் போகாத ஒருவருக்கு மேலே எதைக் கற்றுக்கொடுத்தாலும் நிற்காது. அப்புறம் இருவர் மீட்பு. கவிழ்ந்த படகின் முனையை மீட்பவர் பிடித்துத் தன் படகின் குறுக்கே இழுக்கிறார். தண்ணீரில் இருப்பவர் பின்முனையை அமுக்கிக் கொடுக்க, குழிக்குள் இருந்த தண்ணீர் வடிகிறது. பிறகு படகை நிமிர்த்தி, முன்னும் பின்னுமாகப் பக்கத்தில் சேர்த்து, மீட்பவர் தன் உடம்புப் பாரத்தை அதன்மேல் போட்டு இறுக்கிப் பிடிக்கிறார். மற்றவர் காலை உதைத்து வயிற்றில் விழுந்து ஏறுகிறார். சொல்லும்போது சுலபம். முதல் நாள் எல்லோரும் பத்து நிமிடம் எடுப்பார்கள், கையால் மட்டும் எம்பி ஏறப் பார்த்துக் களைத்துப்போவார்கள். கால்கள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து உதைக்க வேண்டும் என்பது உடம்புக்குப் புரிய மூன்று, நான்கு வாரம் ஆகும். மேலே உட்காரும் வகைக் கயாக்கில் தண்ணீர் வடிக்கும் வேலை இல்லை. அடிப்பாகத்தின் மேலாகக் கையை நீட்டி எதிர்ப்பக்கப் பட்டியைப் பிடித்துப் பின்னால் சரிந்தால் அது நிமிர்ந்துவிடும். ஏறுவது வயிறு, இடுப்பு, கால் என்ற வரிசையில்.

ஜோடிகளை மாற்றிக்கொண்டே இருங்கள். எப்போதும் நண்பனோடு நண்பன் என்று பழகினால், கடலில் பக்கத்தில் இருப்பவர் வேறு யாராவதாகத்தான் இருப்பார். கழகத்திலேயே மெலிந்தவர் மிகப் பாரமானவரை ஏற்றிப் பார்க்க வேண்டும். கண்ணாடி போடுபவர் கண்ணாடி இல்லாமல் செய்து பார்க்க வேண்டும். ஓகஸ்ட் அளவில் காற்றுள்ள பின்னேரத்தைத் தேர்ந்தெடுத்து, கயிறு கட்டி இழுப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண் உறுப்பினர்கள் இருந்தால் எங்கே பிடிப்பது, எங்கே தூக்குவது என்பதைக் கரையிலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். கூச்சத்தில் தயங்கும் கை தண்ணீரில் உதவாது.

பொல்கொடவிலும் ஆபத்து இருக்கிறது. மழைக்காலத்து நன்னீர் என்றால் எலிக்காய்ச்சல். கிருமி சிறு வெட்டுக்காயம், கண், மூக்கு வழியாக உள்ளே போகும். தண்ணீரில் இறங்கி ஒன்று, இரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் தசைநோவு, கண் சிவத்தல் வந்தால் வைத்தியரிடம் போய், ஏரித் தண்ணீரில் இருந்தேன் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். தடுப்பு மாத்திரை உண்டு, வயல் வேலை செய்பவர்களுக்குச் சுகாதாரப் பகுதியினர் கொடுக்கிறார்கள். உங்களுக்கு அது தேவையா என்பதை நான் சொல்லக்கூடாது, உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேளுங்கள். முதலையும் இருக்கிறது. 2022 ஜனவரியில் தெஹிவளைக் கடற்கரையிலேயே ஒரு சுழியோடி முதலை தாக்கி இறந்தார், ஆகவே இது ஏரிக்கு மட்டும் உரிய கவலை இல்லை. இப்படியான தாக்குதல்கள் அரிது. ஆனாலும் விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் தண்ணீரில் மிதக்கும் பயிற்சி வேண்டாம், இறைச்சிக் கழிவு கொட்டும் ஓடை வாய்களுக்குக் கிட்டப் போக வேண்டாம், இறங்கும் முன்னர் அங்கே வலை போடுபவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மூன்றாவது, கழிமுகம். பாணந்துறையிலோ கொழும்பு முகத்துவாரத்திலோ வெள்ளம் கடலுக்குள் பாயும் இடத்தில் அலை எதிரே வந்து மோதி உடையும். மழைக்குப் பிறகு மரக்கட்டைகளும் ஆகாயத்தாமரையும் சேர்ந்து வரும். அங்கே மழைக்காலத்தில் யாருக்கும் பயிற்சி இல்லை.

தண்ணீரில் இறங்க முடியாத சனிக்கிழமைகளுக்கு என் மிகப் பிடித்தமான வேலை ஒன்றைச் சொல்கிறேன். எல்லோரும் கடற்கரையில் ஓரிடத்தில், வெள்ளவத்தை ரெயில் நிலையப் பக்கமாகட்டும் கல்கிசையாகட்டும், ஒரு மணித்தியாலம் நின்று கடலைப் பார்ப்பது. பேச்சு வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரு கொப்பியில் எழுதட்டும்: காற்று எந்தத் திசை, என்ன வேகம் இருக்கும், அலைக்கும் அலைக்கும் இடையே எத்தனை விநாடி, பெரிய அலைகள் எத்தனை சேர்ந்து வருகின்றன, அதன்பின் எவ்வளவு நேரம் ஓய்வு, கரையிலிருந்து வெளியே இழுக்கும் நீரோட்டம் எந்த இடத்தில், இன்றைக்கு இறங்க வேண்டி வந்தால் எங்கே இறங்குவேன், எங்கே ஏறுவேன். பிறகுதான் கைபேசியை எடுத்து முன்னறிவிப்போடு ஒப்பிட வேண்டும். முதல் வாரங்களில் ஆளுக்கொரு கடலைப் பார்த்ததுபோல எழுதியிருப்பார்கள். அலைகளுக்கு இடையே ஏழு விநாடி என்றால் அது இங்கத்தைக் காற்றுக் கிளப்பிய அலை, பதினான்கு விநாடி என்றால் தூரத்திலிருந்து வந்தது, அது உயரம் குறைவாகத் தெரிந்தாலும் கரையில் பலமாக விழும். இந்த வித்தியாசத்தைப் புத்தகத்தில் படித்து மறப்பவர்கள், நின்று எண்ணியபின் மறப்பதில்லை. வற்றுப்பெருக்கைப் பற்றி வெளிநாட்டுக் கழகங்கள் பாடம் பாடமாக நடத்தும். நமக்கு அது ஒரு மீற்றருக்கும் குறைவு, ஓர் அமர்வு போதும். ஆனால் நீர்கொழும்பு, புத்தளம் போன்ற களப்புகளின் வாய்களில் அந்தச் சிறிய வித்தியாசமே நல்ல இழுவையை உண்டாக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முகத்துவாரத்திலும் நீர்கொழும்பிலும் வயதான கடற்றொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஒருவரை மரியாதையாக அழைத்து, தேநீர் கொடுத்து, ஒரு பின்னேரம் பேசவிடுங்கள். மேகத்தையும் தண்ணீரின் நிறத்தையும் பார்த்து அவர்கள் முடிவெடுப்பதை எந்தச் செயலியும் சொல்லித்தராது.

படகுப் பராமரிப்பை எல்லோரும் நிரலில் போடுவார்கள், ஆகவே சுருக்கமாகவே சொல்கிறேன். நன்னீரில் கழுவுங்கள், மூடிகளின் இறப்பரையும் மேல்தட்டுக் கயிறுகளையும் பாருங்கள், உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் மிதந்து பார்த்து, தலையைத் தூக்கிப் பிடிக்காததைக் கழித்துவிடுங்கள். பிளாஸ்டிக் படகை வெயிலில், இரண்டு கம்பிகளின் மேல் மாதக்கணக்கில் வைத்தால் அடி குழிந்துவிடும். ஃபைபர் படகில் வெடிப்பு இருந்தால் மழைக்கு நடுவே ஒட்டப்போக வேண்டாம். ஈரம் ஏறிய நாரில் பிசின் சரியாகப் பிடிக்காது, நல்லாக உலர்ந்த அறையில் செய்ய வேண்டும் அல்லது ஜனவரி வரை பொறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் வெளிநாட்டு நிரல்களில் பார்க்கமாட்டீர்கள். படகுகளைக் குழி கீழே இருக்கக் கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்த கயாக்கில் ஒரு வாரம் மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு குடியேறிவிடும், டெங்கு கூடும் காலமும் இதுதான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் வழக்குக்கூடப் போடலாம். அதைவிட, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதற்கு நம் படகு காரணமாக இருக்கக்கூடாது.

முதலுதவிக்கு ஒரு வார இறுதியை ஒதுக்குங்கள். செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன்ஸ் அம்புலன்ஸும் வகுப்பு நடத்துகின்றன, குழுவாகக் கேட்டால் வந்தும் நடத்துவார்கள். நீரில் மூழ்கியவருக்கு முக்கியமாகத் தேவைப்படுவது மூச்சு. மாரடைப்புக்குப் போல நெஞ்சை மட்டும் அமுக்கினால் போதாது, முதலில் ஐந்து தடவை மூச்சுக் கொடுத்து, பிறகு முப்பது அமுக்கலுக்கு இரண்டு மூச்சு என்று போக வேண்டும். பயிற்றுநரிடம் இதைத் தனியாகக் கேட்டுச் செய்து பாருங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் 1990 என்ற எண் எல்லோருடைய கைபேசியிலும் இருக்கட்டும்.

இனிக் கிழக்கு. ஜூலையிலோ ஓகஸ்டிலோ ஒரு பயணம் போகலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள், நானும் போகச் சொல்வேன். நம் கடல் மூடியிருக்கும்போது பாசிக்குடாவும் நிலாவெளியும் திறந்திருக்கும். பாசிக்குடா ஆழம் குறைந்த, முருகைக்கல் காத்து நிற்கும் குடா, புதியவர்களுக்கு நல்லது. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். அந்த மாதங்களில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றுத் தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரம் தண்ணீர் தட்டையாக, கண்ணாடி போல இருக்கும், அதுவே ஏமாற்றும். ஐந்நூறு மீற்றர் வெளியே போனதும் காற்று முதுகில் பிடித்துத் தள்ளும், போவது சுகமாக இருக்கும், திரும்பும்போதுதான் தெரியும். கொழும்பில் களைத்தவரைக் காற்றுக் கரைக்குக் கொண்டு வருகிறது, அங்கே வங்காள விரிகுடாவுக்குக் கொண்டு போகிறது. ஆகவே முதலில் காற்றுக்கு எதிராகப் போய், உதவியோடு திரும்பும்படி பாதையை வையுங்கள். காற்று பலமென்றால் மட்டக்களப்பு வாவிக்குள் போய்விடுங்கள், அது ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது, பார்த்து முடியாது. கல்பிட்டிக்குப் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். மே முதல் அங்கே பட்டம் இழுக்கத் தண்ணீரில் சறுக்குபவர்கள் உலகம் முழுவதிலுமிருந்து வருகிறார்கள் என்றால் காற்று எப்படியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமுள்ள விஷயங்கள் இரண்டு. கவிழ்ந்த படகை உள்ளே இருந்தபடியே இடுப்பால் புரட்டி நிமிர்த்துவதை எல்லோரும் கற்க வேண்டுமா? பலர் கட்டாயம் என்பார்கள். விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும், அதுவும் மீட்புப் பயிற்சி முடிந்த பிறகு என்று நான் வைத்திருக்கிறேன், ஏனென்றால் ஏரியில் வரும் புரட்டல் கடலில் பயந்த நேரத்தில் வராமல் போவதைப் பார்த்திருக்கிறேன். மற்றது கித்துல்கல. வேகமான ஆற்றில் படகைச் சாய்த்துப் பிடிக்கவும் துடுப்பால் ஊன்றவும் வேறு எங்கும் கிடைக்காத பாடம் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் நீளமான கடல் கயாக்குக்கு அந்தப் பாறைகள் இடமில்லை, தலைக்கவசமும் ஆற்றுக் கயாக்கும் அங்கத்தைய வழிகாட்டியும் தேவை, மேலே மின்நிலையத்திலிருந்து தண்ணீர் விடுவதைப் பொறுத்து ஆறு மாறும். நான் அங்கே பழக்குநர் இல்லை, ஆகவே அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

சந்தாவை நிறுத்த வேண்டாம். படகுச் செலவு குறையும் மாதங்களில் அந்தப் பணம் முதலுதவி வகுப்புக்கும் இழுவைக் கயிறுகளுக்கும் லொறி வாடகைக்கும் போகட்டும், எதற்குப் போனது என்று மாதம்தோறும் எழுதிக் காட்டுங்கள். வாரம் தவறாமல் ஒரே நேரம், ஒரே இடம் என்று வையுங்கள். மழை பெய்தால் என்ன செய்வோம் என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். மழை என்றதும் ரத்து என்று ஆகிவிட்டால் இரண்டாவது வாரத்திலிருந்து ஆட்கள் வானத்தைப் பார்த்துத் தாங்களே முடிவெடுப்பார்கள். ஆடிவேல் திருவிழா நாட்களில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஆட்கள் யாரும் வரமாட்டார்கள், அந்த வாரத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள்.

செப்டெம்பர் முடிந்ததும் உடனே கடலுக்கு ஓடாதீர்கள். ஒக்டோபரிலும் நவம்பரிலும் காற்றுத் திசை இல்லாமல் இருக்கும், காலையில் கடல் அழகாகக் கிடக்கும், பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு இடி மின்னல். திறந்த தண்ணீரில் உயர்ந்து நிற்பது உங்கள் தலையும் துடுப்பும்தான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது விநாடிக்குக் குறைவென்றால் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது, கரைக்கு வந்துவிட வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் வரை திரும்ப இறங்கக்கூடாது. அந்த இரண்டு மாதமும் காலை ஏழிலிருந்து பத்து வரை, கல்கிசையில் கரையைவிட்டு இருநூறு மீற்றருக்குள் இருந்து, பொல்கொடவில் பழகிய மீட்பு முழுவதையும் உப்புத் தண்ணீரில் திரும்பச் செய்யுங்கள். ஏரியில் மூன்று நிமிடத்தில் முடித்தவர்கள் அலையில் முதல் நாள் ஆறு நிமிடம் எடுப்பார்கள். அது மூன்றுக்கு வந்த ஜோடிகள் டிசம்பரில் முதல் நீண்ட பயணத்துக்குப் போகலாம், வராதவர்கள் இன்னும் இரண்டு வாரம் கரையோரத்தில் பழகட்டும்.